குடியை எடுக்கப் போன மாப்பிள்ளைக்குக் கடல் பயம் வந்தது பற்றி

அனுப்புநர்:
சி. கண்ணையன் (வயது 52),
த/பெ. சின்னப்பிள்ளை,
விசைப்படகு ஓட்டுபவர்,
நடுத்தெரு, சோழிமேடு மீனவர் கிராமம்,
காரைக்கால்.

பெறுநர்:
உயர்திரு துணை இயக்குநர் அவர்கள்,
நலவழித்துறை,
காரைக்கால்.

பொருள்: குடிநோய் ஆலோசனை மையத்தில் பணிபுரியும் ஆலோசகர் செல்வி ஜெனிட்டா அவர்கள், என் தங்கை கணவர் சுந்தரமூர்த்திக்குக் குடியை நிறுத்துவதாகச் சொல்லிக் கடல் பயத்தை உண்டாக்கியது – மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே என் கைப்பட எழுதுகிறேன். முதலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் போனேன். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர் எழுதியதைப் படித்துப் பார்த்தால், அதில் என் மாப்பிள்ளை யாரோ போல் இருந்தார், நானும் யாரோ போல் இருந்தேன். "மேற்படி நபர்" என்று எழுதியிருந்தார். என் தங்கை வீட்டுக்காரரை மேற்படி நபர் என்று நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அதைவிட மோசமாகக் கூப்பிட்டிருக்கிறேன், அது வேறு. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், அதிலும் பாதி நாள் அரசலாற்றில் இருந்தேன். ஆகையால் எழுத்தில் தப்பு இருந்தால் அதைத் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. என் தங்கை பூங்கொடியின் கணவர் சுந்தரமூர்த்தி எனக்கு மாப்பிள்ளை முறை. நான் ஓட்டும் படகில்தான் அவரும் தொழிலுக்கு வருகிறார். எங்கள் பக்கத்தில் மச்சான் மாப்பிள்ளை கேலி என்பது கல்யாணச் சீரோடு சேர்ந்து வருவது. ஒரு நாள் கேலி செய்யாவிட்டால் "என்ன, ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லையா?" என்று தெருவே கேட்கும். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் அவருக்கு ஆகாதவன் என்றோ, அவரைக் கேவலப்படுத்தியவன் என்றோ அந்த மையத்திலிருந்து தங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். அப்படி இல்லை. என் கேலி முழுவதும் முறைப்படியான கேலி.

2. மாப்பிள்ளை குடிப்பார். காரைக்காலில் இருந்துகொண்டு இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. நம் ஊரில் டீ கேட்டால்கூடக் கொஞ்சம் நிற்க வேண்டும், இது கேட்ட உடனே கிடைக்கும். ஆனால் அவருடைய குடி மற்றவர்கள் குடி மாதிரி இல்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கரையில் இருக்கும் நாளில் அவரைப் போல் ஒழுங்கான மனுஷன் எங்கள் தெருவில் இல்லை. போன வருஷத் தடைக்காலம் முழுவதும் அவர் தொடவே இல்லை. படகு புறப்படும் நாள் வந்தால் மட்டும் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். நாங்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து, ஒருவர் பின்னால் இருந்து தள்ளி, மூட்டை ஏற்றுவது போல ஏற்றுவோம். கரை மறைந்த பிறகு எழுந்து வேலை பார்ப்பார், நன்றாகவே பார்ப்பார். இடுப்பில் ஒரு பாட்டிலும் கூடவே வரும். "மாப்பிள்ளை இல்லாமல்கூடப் படகு போகும், பாட்டில் இல்லாமல் மாப்பிள்ளை போக மாட்டார்" என்பது நான் சொல்வது. அவரும் சிரிப்பார்.

3. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். கையில் கயிறும் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு கயிறும் படகு புறப்படும் நாள் வரைதான் நின்றது. போன தை மாதம் நடுக்கடலில் பாட்டில் தீர்ந்துபோய், மறுநாள் அவருக்குக் கை கால் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தளத்தில் விழுந்துவிட்டார். வலையை இழுத்துப் போட்டுவிட்டுப் படகைத் திருப்பினோம். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மாத்திரை கொடுத்து ஆளை நிமிர்த்தினார்கள். அது நல்ல காரியம், அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. "குடிச்சுக்கிட்டே இருந்து திடீர்னு நின்னா இந்த வலிப்பு வரலாம். இன்னொரு தரம் கடல்ல இப்படி வந்தா கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பீங்கன்னு நம்பிக்கை இல்லை" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். குடியை விடுவதற்காக ஆலோசனை மையத்துக்கு அனுப்பியதும் அவர்தான். என் புகார் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

4. ஆலோசகர் ஜெனிட்டா அவர்கள் குரும்பகரத்துப் பெண். குரும்பகரம் வயல் ஊர். அங்கே தண்ணீர் என்றால் கணுக்காலுக்கு நிற்கும், அதற்குமேல் வந்தால் மடையைத் திறந்துவிடுவார்கள். கடலில் போகிறவனுக்கு அந்த ஊர் ஆள் என்ன ஆலோசனை சொல்ல முடியும் என்பது என் முதல் சந்தேகம். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். "எனக்குக் கடல் தெரியாதுண்ணே, அதனாலதான் அவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்" என்றார். சம்பளம் வாங்குகிறவர் பாடம் கேட்கிறார், வைத்தியத்துக்கு வந்தவர் பாடம் நடத்துகிறார். இது எந்த ஊர் முறை என்று தெரியவில்லை.

5. அடுத்த சந்தேகம், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது. மாப்பிள்ளை வீட்டில் "சோறு", "குழம்பு", "போதும்" என்ற மூன்று சொல்லில் நாளை ஓட்டுகிறவர். அவர் அந்த அறைக்குள் போனால் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகிறது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வந்த பிறகு "என்ன மாப்பிள்ளை பேசினீங்க?" என்றால் "சும்மா" என்கிறார். ஒரு மணி நேரம் சும்மா பேச முடியுமா? அந்த மேடத்திடம் கேட்டால், "அது அவங்க சொன்னாத்தான் உண்டு, நான் சொல்லக் கூடாதுண்ணே" என்கிறார். கூட்டிக்கொண்டு போனவன் நான், பைக்குக்குப் பெட்ரோல் போட்டவன் நான். எனக்கே சொல்லக் கூடாத பேச்சு என்ன பேச்சு?

6. இதுதான் பெரியது. ஒரு நாள் கரண்ட் இல்லாததால் அறையின் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த மேடம் என் மாப்பிள்ளையிடம் கேட்ட கேள்வி என் காதில் தெளிவாக விழுந்தது. "குடிக்கிறதுல உங்களுக்கு என்ன நல்லது இருக்கு, அதை முதல்ல சொல்லுங்க." ஐயா, நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன். அரசாங்கச் சம்பளத்தில், அரசாங்க மின்விசிறிக்குக் கீழே, ஒரு குடிகாரரிடம் குடியின் நல்ல குணத்தைக் கேட்கலாமா? மாப்பிள்ளை என்ன பதில் சொன்னார் என்று கேட்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

7. அதற்குப் பிறகு, இவருக்கும் ஏதாவது பிராந்திக் கடைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. மையத்துக்குப் போகும் வழியில் பிராந்திக் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் தாவூது பாயிடம் விசாரித்தேன். "அந்தப் பொண்ணா? நம்ம கடையிலதான் சர்க்கரை இல்லாம டீ குடிக்கும், எதிர்ப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. உனக்கு வேற வேலை இல்லையா கண்ணையா?" என்று என்னைத்தான் ஏசினார். ஆகவே இந்தச் சந்தேகம் நிரூபணமாகவில்லை என்பதை நேர்மையாகத் தெரிவித்துக்கொள்கிறேன். மற்றவை நிற்கின்றன.

8. தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கப் போட்டிருக்கிறோம். சித்திரை வெயிலில் ஒரு நாள் மதியம் நான் அங்கே போனபோது, தண்ணீரே இல்லாத தரையில் நிற்கிற படகில், மாப்பிள்ளை தன்னந்தனியாக ஏறி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு, புயலில் போகிற ஆள் மாதிரி. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பெயிண்ட் அடிக்கிற பையன்கள் சிரித்தார்கள். "எந்த ஊருக்கு டிக்கெட் மாப்பிள்ளை? கண்டக்டர் வந்தாரா?" என்று நானும் கேட்டேன், அது என் முறை. ஆனால் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. படகில் பாட்டில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டி, அவர் உட்கார்ந்திருக்கும்போதே ஐஸ் பெட்டியை, என்ஜின் அறையை, வலைக் குவியலை எல்லாம் கலைத்துத் தேடினேன். ஒரு மூடிகூடக் கிடைக்கவில்லை. "என்ன தேடுறீங்க மச்சான்?" என்றார். "ஸ்பேனர்" என்றேன். "உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

9. பிறகுதான் தெரிந்தது, அப்படி உட்காரச் சொன்னதும் அந்த மேடம்தான் என்று. முதலில் தரையில் நிற்கிற படகில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமாம். அது பழகினால் என்ஜினைப் போட்டுவிட்டு உட்கார வேண்டுமாம். அப்புறம் ஆற்றில் இறக்கி முகத்துவாரம் வரை போய்த் திரும்ப வேண்டுமாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து கடலுக்குப் போகிற மனுஷனுக்கு, பால்வாடிப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் பழக்குகிற மாதிரிப் படகைப் பழக்குகிறார்கள். இதற்குக் காரணம் கேட்கலாம் என்றுதான் குடும்பத்தோடு வரச் சொன்ன நாளில் நானும் போனேன். என் தங்கை, மாப்பிள்ளை, நான், மூன்று பேர். அன்று கதவு சாத்தியிருந்தது, ஆனால் நான் உள்பக்கம் இருந்தேன்.

10. அன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போனதும் நான் அந்தப் பழைய கேள்வியை எடுத்தேன். குடியில் என்ன நல்லது என்று ஏன் கேட்டீர்கள், ஒரு அரசாங்க ஆள் கேட்கிற கேள்வியா அது என்று. அந்த மேடம் என்னிடம் பதில் சொல்லாமல் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க சொன்ன பதிலை இவங்ககிட்ட சொல்லணும்னு தோணுதா? வேணாம்னா வேணாம்" என்றார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேடத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, யாராவது பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருப்பார். நம் வீடுகளில் என்றால் யாராவது ஒருவர் ஏதாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிடுவோம். நான் நிரப்பப் பார்த்தேன். என் தங்கை என் கையை அழுத்தினாள்.

மாப்பிள்ளை சொன்னார்: "குடிச்சாத்தான் மச்சான் என்னால படகுல ஏற முடியுது. குடிக்கலைன்னா கால் வரமாட்டேங்குது. எனக்குக் கடல்னா பயம்."

ஐயா, எங்கள் ஊரில் காய்ச்சல் வரும், மஞ்சள் காமாலை வரும், முதுகு பிடிக்கும், கடன்காரன் வருவான். கடல் பயம் வந்தது என்று ஒரு ஆண்பிள்ளை சொல்லி நான் கேட்டதில்லை. கேலியாகச் சொல்வோம், "கடலுக்குப் பயந்தவன் நெடுங்காட்டுல போய் நாத்து நடுடா" என்று. மாப்பிள்ளையையே அப்படி நூறு முறை சொல்லியிருக்கிறேன், ஏற்றும்போது தள்ளிக்கொண்டே சொல்வேன். அது பேச்சு. பேச்சை எடுத்து உண்மையாக்கி இவர் வாயில் வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. உள்ளே போகும்போது இவருக்கு இருந்தது குடி ஒன்றுதான். இரண்டு மாதம் கதவைச் சாத்திப் பேசிய பிறகு குடி போய்ப் பயம் வந்திருக்கிறது. ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்து அனுப்பியதாகத்தான் நான் கருதுகிறேன். இதை அங்கேயே சொன்னேன். "இல்லண்ணே" என்றாள் பூங்கொடி. "கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும். யார்கிட்டச் சொல்றது? உன்கிட்டயா?" என்றாள்.

என் தங்கை என்னை ஒருமையில் பேசியது எனக்கு வருத்தம் இல்லை. கேட்ட கேள்விதான்.

11. பயத்துக்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா என்று கேட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று காட்டுவதற்காகவே, படகில் நடந்த பெரிய விஷயம் என்று எங்கள் ஊரே அறிந்த கதையைச் சொன்னேன். அதைத் தங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடியக்கரைக்குக் கிழக்கே, பல வருஷம் முன்னால், வலை இறக்கும்போது வலையின் கயிறு மாப்பிள்ளை காலில் சுற்றி, ஆளை அப்படியே தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. நான் கத்தியோடு குதித்துக் கயிற்றை அறுத்து, தலைமுடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தேன். இதை நான் எப்படிச் சொல்வேன் என்றால்: மீனுக்குப் போட்ட வலையில் மாப்பிள்ளை மாட்டினார். தூக்கிப் போட்டதும் அவர் வாயிலிருந்து ஒரு மத்தி மீன் துள்ளி விழுந்தது. சரி, பிடிபட்டதை விட முடியாது என்று கரைக்குக் கொண்டுவந்து ஏலம் விட்டோம். என் தங்கச்சியைத் தவிர ஒருத்தரும் கேட்கவில்லை. இது காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு எல்லாவற்றிலும் சொல்லிச் சிரித்த கதை. மாப்பிள்ளையே "மச்சான், அந்த ஏலத்தைச் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுப்பார்.

அந்த மேடம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "மீன் விழுந்துச்சாண்ணே?" என்றார். "இல்லை மேடம், அது கேலிக்குச் சேர்த்தது" என்றேன். "அப்ப என்ன நடந்துச்சு?" என்றார். நான் யோசிப்பதற்குள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். "தண்ணி வந்துச்சு மேடம். எனக்கு மூச்சு வந்ததும் பார்த்தேன், மச்சான் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தாங்க. இவங்க அழுது நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். அதான் எனக்கு ரொம்பப் பயமாப் போச்சு."

இது கதையில் இல்லாத பகுதி. இத்தனை வருஷமாக யாரும் சொல்லாதது, சொல்லத் தேவையில்லாதது. அதை என் தங்கை எதிரில் தோண்டி எடுத்தாயிற்று. அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சுண்ணே?" என்று கேட்டார். நான் வைத்தியத்துக்கு வந்தவன் அல்ல. எனக்குச் சீட்டு போடவில்லை, என் பெயர் அவர்கள் பதிவேட்டில் கிடையாது. நோயாளியோடு வந்தவரைக் கேள்வி கேட்க இவருக்கு அதிகாரம் உண்டா என்பதைத் தாங்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும். வண்டியை வெயிலில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லி நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வண்டி நிழலில்தான் நின்றது.

12. அதற்குப் பின் ஏற்பட்ட பாதிப்புகள்:

போன வாரம் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. சாப்பாடு முடிந்ததும் வழக்கம் போல "கண்ணையண்ணே, அந்த மத்தி மீன் கதையை எடுத்து விடுங்க" என்றார்கள். ஆரம்பித்தேன். கயிறு சுற்றுகிற இடம் வந்தது. எதிரே மாப்பிள்ளை எப்போதும் போலச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் கை, உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் பிடியை, படகில் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் நான் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கதை சொன்னேன், கையைப் பார்த்ததில்லை. கதை ஏலத்துக்கே போகவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிப் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். இருபது வருஷத்துக்குக் குறையாமல் ஓடிய ஒரு கதை இப்படி ஒரு கேள்வியில் கெட்டுப்போனது.

அடுத்தது, என் படகில் வருகிற கோவிந்தராசு. ஆள் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருப்பார், புயல் கூண்டு ஏற்றினாலும் புகையிலை போட்டுக்கொண்டு நிற்பார். அவர் என்னைத் தனியாக வலை பின்னுகிற இடத்துக்குக் கூப்பிட்டு, "அந்த மேடம் எந்தக் கிழமை இருப்பாங்க? எங்க சித்தப்பாவுக்குக் கேட்டாங்க" என்றார். அவர் சித்தப்பா அம்பகரத்தூரில் கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிறார். கடலைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் பஸ் ஏறி வர வேண்டும். மறுநாள் இன்னொருவர், அவரும் யாரோ ஒரு சித்தப்பாவுக்காகத்தான் கேட்டார். என் படகில் இத்தனை சித்தப்பாக்கள் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. ஒருவரிடம் வைத்த பயம் படகு முழுக்கப் பரவுகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மூன்றாவதாக, படகு ரிப்பேர் வேலையில் கயிறு சுற்றும்போது என் கை தானாகப் போய் ஒவ்வொரு சுற்றையும் இரண்டாம் தடவை தொட்டுப் பார்க்கிறது. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணும் போய்ப் பார்க்கிறது. என் கையும் கண்ணும்தான், ஆனால் நான் சொல்லிச் செய்வதில்லை. இதற்கு முன் இப்படி இருந்ததா என்று யோசித்தேன். இருந்திருக்கலாம், நான் கவனிக்கவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அவளும் இப்போது அந்த மேடம் மாதிரியே பேசுகிறாள்.

13. இப்போதைய நிலைமை என்னவென்றால், தடைக்காலம் ஆனி பிறப்பதற்கு முன்னமே முடிந்துவிடும். படகு இறங்குகிற நாளில் அணியத்துக்கு மாலை போட்டுச் சூடம் காட்டுவோம், அணியம் என்றால் படகின் முன்பக்கம். ஊர் முழுக்கக் கரைக்கு வந்து நிற்கும். அன்று யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். முதல் நாள் ஏறாதவர் இடத்தை அந்த வருஷத்துக்கு வேறு ஆளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை குடித்துவிட்டு ஏறினால் டாக்டர் சொன்னது நடக்கும். குடிக்காமல் ஏற அவருக்குக் கால் வராது. ஏறாமல் நின்றால் ஊர் காரணம் கேட்கும். வேறு ஏதாவது வியாதி பெயர் சொல்லி ஒரு அரசாங்கக் காகிதம் வாங்கித் தருகிறேன் மாப்பிள்ளை, இடுப்பு வலி என்று போடச் சொல்லலாம் என்றேன். "வேணாம் மச்சான், பயம்னே சொல்லுங்க. இடுப்பு வலின்னா தைலம் கொண்டுவந்து தருவாங்க, அதை எங்க தேய்க்கிறது?" என்றார். கவனிக்கவும் ஐயா, கேலி செய்வது இப்போது அவர். முறைப்படி அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் சிரிப்பு எனக்கு வரவில்லை.

இன்றைக்கும் அவர் படகில் போய் உட்கார்ந்தார். என்ஜினைப் போடச் சொன்னார், நான்தான் போட்டேன். படகு அதிர்ந்ததும் அவருக்கு முகம் வேர்த்துக் கொட்டியது. இறங்கவில்லை. வாயில் வாசனை எதுவும் இல்லை, நான் கிட்டப் போய் மோந்து பார்த்துவிட்டேன். பக்கத்தில் உட்கார ஆள் இருந்தால் நல்லது என்று மேடம் சொன்னதாகச் சொன்னார். வேவு பார்ப்பதற்காக நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயிண்ட் அடிக்கிற பையன்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து,

அ) மேற்படி ஆலோசகரைக் கூப்பிட்டு, இந்தப் பயம் அவர் வைத்ததா, முன்பே இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். அவர் வைத்ததாக இருந்தால் உடனே எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முன்பே இருந்ததுதான் என்றால், அது இவரிடம் மட்டும் இருந்ததா, வேறு யாரிடமும் உண்டா, குடிக்காத ஆளிடம் இருந்தால் அது எங்கே போய் ஒளிந்துகொள்ளும், கேலியில் ஒளிந்துகொள்ளுமா என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்ல வேண்டும்.

ஆ) தரையில் உட்காருவது, ஆற்றில் போவது என்ற பழக்கம் முடிய, படகு இறங்கும் நாளுக்கு மேலும் ஆகும் என்று அந்த மேடம் சொல்கிறார். அப்படியானால் அதுவரை சுந்தரமூர்த்தியின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, இது வைத்தியத்தில் ஒரு பகுதி என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் அனுப்ப வேண்டும். என்னிடம் கேட்டால் நானும் கொடுக்க மாட்டேன், ஆனால் நான் சொன்னால் மாப்பிள்ளைக்காகச் சொல்கிறேன் என்பார்கள். முத்திரை இருந்தால் பேச மாட்டார்கள்.

இ) அந்த மேடத்தை நேரில் விசாரிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும். விசாரணை என்பதால் கதவைச் சாத்திக்கொள்வது நல்லது. கோவிந்தராசு முதலானவர்கள் வராத கிழமையாக இருக்க வேண்டும். என் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தால் புகார்தாரர் என்றே எழுதிக்கொள்ளலாம். அன்று அவர் கேட்ட கேள்வியிலிருந்தே விசாரணையைத் தொடங்கிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. மையத்து வாசலில் வேப்ப மரம் இருக்கிறது, வண்டிக்கு நிழல் பிரச்சினை கிடையாது. ஆகையால் இந்த முறை நான் பாதியில் எழுந்து போக மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். எங்கள் ஊரில் அரசாங்கக் கவர் வந்தால் பிரிப்பதற்குள் டீக்கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அதுவரை படகில் மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் யாரையும் நிற்க விடமாட்டேன்.

தங்கள் உத்தரவுக்காகக் கரையில் காத்திருக்கும்,

(கையொப்பம்)
சி. கண்ணையன்

இடம்: காரைக்கால்
நாள்: 26.05.2025